குறைமாதக் குழந்தையும் வைத்தியசாலைத் துண்டும்

காணிப் பெர்மிற், குடும்ப அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றின் பெறுமதியை இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு நாம் படிப்பிக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களுள் பலர் உடுபுடவையையும் பாத்திரங்களையும் வழியிலே விட்டனர். பொலித்தீனில் சுற்றிய அந்தப் பையை மட்டும் விடவில்லை. செட்டிகுளத்து முகாம்களில் இருந்தபோதும், பின்னர் மீள்குடியேற்றத்துக்குப் பதிந்தபோதும் அந்தப் பைதான் எமக்காகப் பேசியது. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பமுடியாதிருக்கும் குடும்பங்களுக்கு இன்றைக்கும் அதுவே சாட்சி.

ஆனால் அப்பைக்குள் வைத்தியசாலைத் துண்டுகளையும் வைத்திருப்போர் குறைவு. பிள்ளை சுகமாக வீடு வந்துவிட்டது, இனித் துண்டு எதற்கு என்று எண்ணிவிடுகிறோம். மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஆபத்தானது. ஏன் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். விளங்காத இடத்தில் நிறுத்திப் பேசிவிட்டுத் தொடருங்கள்.

மாதம் நிறையாத பிள்ளை

37 கிழமை நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்பர். பால் பிடிக்கும் பருவத்தில் வெள்ளம் வந்து அறுக்கவேண்டி வந்த நெல்லை நினையுங்கள். கதிர் வெளிப்பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். உள்ளே மணி முற்றியிராது. குறைமாதப் பிள்ளைக்கும் கை, கால், விரல், நகம் எல்லாம் இருக்கும். சுவாசப்பையும், மூளையின் மெல்லிய இரத்தக் குழாய்களும், கண்ணின் உட்பக்கமும் முற்றியிரா.

ஆகவே இப்பிள்ளைகளுக்கு வரக்கூடிய தீங்குகள் பல. மூச்சு நின்று நின்று வருவதால் மூளை பாதிக்கப்படலாம். மஞ்சட்காமாலை எல்லை மீறினால் காது கேளாமற் போகலாம், கை கால் விளங்காமற் போகலாம். இவற்றுள் நாம் விரிவாகப் பேச எடுத்துக்கொண்டது கண். காரணம், மற்றத் தீங்குகளிற் பல எவருடைய பிழையும் இல்லாமலே வரக்கூடியவை. கண் விடயத்தில் பரிசோதிப்பதற்கு என்று ஒரு காலம் உண்டு, அந்தக் காலத்துள் செய்தால் பலன்தரும் சிகிச்சையும் உண்டு. தவறவிட்டால் யார் தவறவிட்டார் என்பதையும் திகதி வைத்துச் சொல்லலாம்.

கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது விழித்திரை. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்கின்றன. முத்தையன்கட்டு வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் குளத்துக்கு அண்மையான வயலுக்கு முதலில் வந்து, கடைசி வயலுக்குக் கடைசியில் போய்ச்சேர்வது போன்றது இது. 29ஆம் கிழமையிலே பிறந்த பிள்ளைக்குக் கடைசி வயலுக்கு இன்னும் தண்ணீர் போயிராது. பிறந்தபின் அக்குழாய்கள் சில பிள்ளைகளில் தாறுமாறாக வளர்ந்து, வடுவாகி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். பிரிந்தால் பார்வை போய்விடும்.

இது பிறக்கும்போதே உள்ள குருடு அன்று. பிறந்து இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் தொடங்குவது. அப்போது வெளியே பார்த்தால் கண் நல்ல கண்ணாகவே தெரியும். தாய்க்கும் தெரியாது, மருத்துவிச்சிக்கும் தெரியாது. கண் வைத்தியர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச்செய்து, கருவி கொண்டு பார்த்தால்தான் தெரியும். அந்த வேளையில் லேசர் ஒளிச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். கண்மணியில் வெள்ளை தெரிகிறதே என்று தாய் கண்டுபிடிக்கும் நாளில் காலம் கடந்துவிட்டிருக்கும்.

ஒட்சிசன் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நோயை முதலில் எழுதி வைத்தது 1942இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில். கட்டுப்பாடின்றிக் கொடுத்த ஒட்சிசனுக்கும் இதற்கும் தொடர்புண்டு என்பதை 1951இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கேற் கம்பெல் என்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். அதன்பின் பல நாடுகளில் ஒட்சிசனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். குருடு குறைந்தது, ஆனால் மூச்சுக்குத் தவித்து இறந்த பிள்ளைகளும் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் கூடினர். எனவே, ஒட்சிசன் கண்ணைக் கெடுக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டுக் குழாயைக் கழற்றச் சொல்லி வாதாடவேண்டாம். அது உயிரைக் காப்பது. அளந்து கொடுக்கவேண்டியது, கொடுத்த பிள்ளையின் கண்ணைக் காலத்தில் பார்க்கவேண்டியது, இவ்வளவே.

சென்னை எழும்பூரில் நடந்தது

1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கத் தாய் சேய் வைத்தியசாலையில் ஒரு பெண்குழந்தை 29ஆம் கிழமையிலே பிறந்தது. எடை 1250 கிராம். ஏறக்குறைய 25 நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள், ஒட்சிசன் கொடுத்தார்கள், இரத்தமும் மாற்றினார்கள். உயிர் தப்பியது. செப்ரெம்பர் 23ஆம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். கிருமி தொற்றாதபடி பிள்ளையை வீட்டுக்குள்ளே வைத்திருங்கள் என்ற புத்திமதி கிடைத்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி தாயும் தகப்பனும் ஒழுங்காகப் பிள்ளையைத் திரும்பவும் காட்டினார்கள். கண்ணைப் பரிசோதிக்கவேண்டும் என்று அப்போதும் எவரும் சொல்லவில்லை. நாலரை மாதமளவில், தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் வேறொரு குழந்தை வைத்தியர்தான் கண்ணிலே குறை இருப்பதைக் கண்டார். விழித்திரை பிரிந்துவிட்டிருந்தது. அமெரிக்காவரை கொண்டுபோயும் பார்வை மீளவில்லை.

தகப்பன் வழக்குத் தொடுத்தார். டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கண் நிபுணர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 1500 கிராமுக்குக் குறைந்த, 32 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைகளின் கண்ணைப் பிறந்து சில கிழமைக்குள் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றும், பத்தாண்டுக்கு முன்னரும் நியதி ஏறக்குறைய இதுவே என்றும் அவர்கள் எழுதினார்கள். 1250 கிராமும் 29 கிழமையும் அந்த எல்லைக்குள்ளேதான் இருந்தன. பரிசோதித்ததற்கோ, பரிசோதிக்கும்படி பெற்றோருக்குச் சொன்னதற்கோ நீதிமன்றம் ஏற்கத்தக்க பதிவு வைத்தியசாலையிடம் இல்லை. பிள்ளையை விடும்போது கொடுத்த துண்டிலும் கண்ணைப்பற்றி ஒரு வரிதானும் இல்லை.

2009இல் தேசிய நுகர்வோர் ஆணைக்குழு 5 இலட்சம் இந்திய ரூபா கொடுக்கச் சொன்னது. தகப்பன் அதோடு நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி வரப்போகும் வைத்தியச் செலவுக்கு 1 கோடி 38 இலட்சம், ஏற்கனவே செய்த செலவுக்கு 42 இலட்சத்துக்கு மேல், மொத்தம் ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் இந்திய ரூபா. இதில் மிகப் பெரும் பங்கைத் தமிழ்நாடு அரசும் வைத்தியசாலையும் கட்டவேண்டும், சிறு பங்கை வைத்தியர்கள் கட்டவேண்டும் என்றது மன்று. அரச வைத்தியசாலையின் கவனயீனத்துக்கு அரசே பொறுப்பு என்பது இதில் தெளிவாயிற்று.

பிறந்தது 1996, தீர்ப்பு 2015. பிள்ளைக்கு அப்போது பதினெட்டு முடிந்து பத்தொன்பது ஆகப்போகும் வயது. இவ்வளவு காலம் ஒரு குடும்பம் நின்று பிடிக்கவேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தொகையைக் கேட்டு மலைப்பவர்கள் ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

கடதாசி எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு இன்னுமொரு சான்று உண்டு. 1953இல் நியூயோர்க்கில் பிறந்து இதே நோயால் பார்வையிழந்த ஒருவரின் வழக்கில் மேல் நீதிமன்றத் தீர்ப்பு 1982இல் வந்தது. ஒட்சிசனை இயன்றளவு குறைக்கும்படி ஒரு வைத்தியர் எழுதியிருந்ததும், பின்னர் இன்னொருவர் அதை மாற்றிக் கூட்டி எழுதியதும் வைத்தியசாலைப் பதிவேட்டில் அப்படியே இருந்தன. வழக்கு நின்றது அந்த எழுத்தின்மேல்தான்.

கொழும்பில் தோற்ற வழக்கு

எமது நாட்டுக்கு வருவோம். குறைமாதப் பிள்ளை பற்றியது அன்று எனினும், எந்தச் சட்டத்தரணியிடம் போனாலும் அவர் முதலில் எடுக்கும் வழக்கு ஒன்று உண்டு. சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்பது அதன் பெயர். 1992இல் கொழும்பில் ஒரு சிறுமி நோயுற்றாள். வைத்தியர் ஒருவிதமாக நோயை நிர்ணயித்தார். பின்னர் எடுத்த ஸ்கான் படத்தில் மூளையின் அடித்தண்டிலே கட்டி இருப்பது தெரிந்தது. பிள்ளை இறந்தது. மாவட்ட நீதிமன்றம் தகப்பனுக்கு 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெருமளவு குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் ஒன்றுமே இல்லை என்று தீர்த்தது. (இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்குரியது. எமது நாட்டில் அதுவே கடைசி மன்று. செய்தித்தாள் வாசிப்போர் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.)

ஏன் தோற்றது? கவனயீனம் இருந்தது என்பதை உயர் நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவனயீனத்தினாலேயே பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. கட்டியை முன்னரே கண்டிருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று காட்ட முடியவில்லை.

கமக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கடைக்காரர் பிழையான பூச்சிமருந்தைத் தந்துவிட்டார். நீங்களும் அடித்துவிட்டீர்கள். அடுத்த கிழமை மழை பெய்து குளம் உடைத்து வயல் முழுவதும் மூடிவிட்டது. கடைக்காரர் பிழை செய்தாரா? செய்தார். பயிர் அழிந்ததா? அழிந்தது. ஆனால் மருந்தால் அழிந்ததா, வெள்ளத்தால் அழிந்ததா? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் வழக்கு இல்லை.

சென்னைப் பிள்ளையின் வழக்கு வென்றதன் இரகசியமும் இங்கேதான். காலத்தில் பார்த்திருந்தால் செய்ய ஒரு சிகிச்சை இருந்தது. பாராததால் அந்தக் காலம் போயிற்று. பிழைக்கும் தீங்குக்கும் இடையில் வெள்ளம் எதுவும் குறுக்கிடவில்லை.

2001ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இன்னொரு விடயமும் உண்டு. அதை எழுத எமக்குக் கை கூசுகிறது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு அப்போதைய எமது சட்டத்தில் நட்டஈடு இருக்கவில்லை. பணத்தால் கணக்கிடக்கூடிய இழப்புக்குத்தான் இருந்தது. கைக்குழந்தை உழைத்துக் கொடுப்பதில்லை. ஆகவே பிள்ளை இறந்தால் அன்றைய சட்டத்தின் கண்ணில் இழப்பு மிகச் சிறிதாக இருந்தது. உயிரோடு பாதிக்கப்பட்டிருந்தால் வைத்தியச் செலவும், பராமரிப்பும், எதிர்கால உழைப்பும் கணக்கில் வரும். இது நியாயமா என்று சங்கத்திலே பேசுங்கள். எமக்கு நியாயமாகத் தெரியவில்லை. சட்டம் அன்று அப்படித்தான் நின்றது.

முல்லைத்தீவிலிருந்து கேட்பதானால்

மாஞ்சோலையிலோ, புதுக்குடியிருப்பிலோ, யாழ்ப்பாணத்திலோ அரச வைத்தியசாலையில் பிறந்த பிள்ளைக்கு நேர்ந்த தீங்குக்கு அரசின்மேல் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு வழிசெய்தது 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். வழக்குப் பொதுவாகச் சட்டமா அதிபருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்திலே தொடுக்கப்படும். தொடுப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். பிள்ளையின் சார்பில் தாயோ தகப்பனோ நிற்கலாம்.

காலம் பற்றிக் கவனமாயிருங்கள். இவ்வகை வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்கவேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வகுத்த எல்லை. பிள்ளை பராயமடையாதது என்பதைக் காட்டி மேலும் காலம் கேட்க வழியுண்டா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்கலாம். அதை நம்பி இருந்துவிடக்கூடாது. வெள்ளாமை முடியட்டும், அடுத்த போகம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் நான்கு போகத்தில் வழக்கே இல்லாமற் போய்விடும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடவேண்டும். வருமானம் குறைந்தோருக்காகவே 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது அது. இலங்கை மருத்துவச் சபைக்கு முறையிடுவது வேறொரு வழி. அச்சபை வைத்தியரை விசாரித்துத் தண்டிக்கலாம், பதிவிலிருந்து நீக்கவும் செய்யலாம், நட்டஈடு வாங்கித்தராது. இரண்டையும் ஒன்றென எண்ணிப் பலர் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து வழக்கின் காலத்தை இழக்கின்றனர்.

யாரைக் குற்றஞ்சொல்வது என்பதிலும் நிதானம் வேண்டும். சைக்கிளில் வீடு வீடாக வந்து தாயையும் சேயையும் பார்க்கும் மருத்துவிச்சிதான் பெரும்பாலும் எமக்குக் கண்முன்னே தெரிபவர். கோபமும் அவர்மேல்தான் விழுகிறது. கண்ணைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்யவேண்டிய பொறுப்பு பிள்ளையைப் பெட்டியில் வைத்துப் பார்த்த வைத்தியசாலைக்கு உரியது. அங்கே கண் நிபுணர் இல்லை என்றால், இருக்கும் இடத்துக்குத் திகதி போட்டு எழுதி அனுப்பவேண்டும்.

துண்டிலே இருக்கவேண்டியவை

ஒட்டுசுட்டானில் உறவினர் வளவில் தங்கியிருக்கும் ஒரு தாய்க்கு 30ஆம் கிழமையில் வலி கண்டது என்று வைத்துக்கொள்வோம். மாஞ்சோலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, பிள்ளை அங்கே பிறந்து, ஐந்து கிழமை கழித்துத் தாய் தன் சகோதரியின் வீட்டுக்கு முள்ளியவளைக்குப் போகிறார். நான்கு இடம், இரண்டு வைத்தியசாலை, வெவ்வேறு மருத்துவிச்சிமார். இங்கே பிள்ளையின் கதை முழுவதையும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. துண்டுதான் அறியும்.

ஆகவே வீட்டுக்கு விடுமுன் துண்டை வாங்கி அங்கேயே வாசிக்கவேண்டும். வாசிக்க இயலாதவர் அடுத்த கட்டிலில் உள்ளவரைக் கொண்டாவது வாசிப்பிக்கவேண்டும். எத்தனையாம் கிழமையில் பிறந்தது, எத்தனை கிராம், எத்தனை நாள் ஒட்சிசன், இரத்தம் ஏற்றினார்களா, காமாலைக்கு ஒளியில் வைத்தார்களா என்பன அதில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் பரிசோதித்தாயிற்றா, இல்லையெனில் எத்தனையாம் திகதி, எங்கே என்பது இருக்கவேண்டும். காதுக்கும் அப்படியே. இல்லையென்றால், "தங்கச்சி, பிள்ளையின் கண் சோதிக்கும் திகதியை இதிலே எழுதித் தாங்கோ" என்று தாதியிடம் கேளுங்கள். கேட்பது குற்றமன்று. பிறந்த நாளிலிருந்து முப்பதாம் நாளைக் கலண்டரில் வட்டமிட்டு, அதற்குள் ஒரு முறையாவது கண் வைத்தியர் பார்த்துவிட்டாரா என்று பாருங்கள். முதற்சோதனையோடு முடிவதில்லை, இனி வரவேண்டாம் என்று கண் வைத்தியரே சொல்லும்வரை போகவேண்டும். உழவுக் காலத்தில் ஒரு நாட்கூலி போகும், பஸ் காசும் போகும் என்பது உண்மை. பக்கத்து வீட்டார் அன்று மற்றப் பிள்ளைகளைப் பார்த்தால், சங்கம் பஸ் காசுக்குக் கைகொடுத்தால் அது நடக்கும்.

கர்ப்பகாலக் கிளினிக் அட்டை, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, இடமாற்றிய கடிதம், விட்ட துண்டு, கிளினிக் திகதித் துண்டுகள், மருந்துச் சிட்டை, பஸ் ரிக்கற் உட்படக் காணிப் பையிலேயே வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பியும் வையுங்கள். எமது பிரதேசத்தில் ஒரே இடத்தில் வைத்த கடதாசி என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

துண்டு ஏற்கனவே தொலைந்துவிட்டதென்றால் வைத்தியசாலையின் படுக்கைப் பதிவைக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். ஒருவரின் வைத்தியப் பதிவை மற்றவருக்குக் கொடுக்க அச்சட்டம் தடைசெய்கிறது. உரியவர் எழுத்தில் சம்மதித்தால் தடையில்லை. ஆதலால் சம்மதத்தையும் கடிதத்திலேயே எழுதிவிடவேண்டும். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையிடலாம். கடிதம் இப்படி அமையலாம்:

"தகவல் அலுவலர் அவர்கட்கு. ... ஆம் திகதி உங்கள் வைத்தியசாலையில் பிறந்த எங்கள் பிள்ளையினதும், தாயினதும் படுக்கைப் பதிவு, குழந்தைப் பிரிவுப் பதிவு, ஒட்சிசன் கொடுத்த விபரம், கண் பரிசோதனை விபரம், வீட்டுக்கு விட்ட அட்டை ஆகியவற்றின் பிரதிகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தந்துதவும்படி கேட்கிறோம். தாயின் பதிவைத் தருவதற்குத் தாயாகிய நானும், பிள்ளையின் பதிவைத் தருவதற்குப் பெற்றோராகிய நாங்கள் இருவரும் இத்தால் சம்மதிக்கிறோம். கண் பரிசோதனை செய்யப்படவில்லையாயின் அதையும் எழுத்தில் அறியத் தரவும்."

கீழே இருவரும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையொப்பமிடுங்கள். விலாசம் எழுதும்போது கவனம்: இப்போது தங்கியிருக்கும் இடத்தையும், கடிதம் தவறாது கிடைக்கும் இன்னொரு இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்தைத் திகதியோடு வாங்கி, மற்றதைப் பையில் வையுங்கள்.